மஞ்சள் அட்டைப் பிள்ளைகள்

"கொல்லிமலைத் தாய்மார்கள் ஆய்வின் விதிமுறைகளைப் பின்பற்றவில்லை. எழுத்தறிவுக் குறைவே காரணம். ஆகவே அந்த ஊர் ஆய்விலிருந்து நீக்கப்படுகிறது."

இந்த மூன்று வரியை நான் லிஸ்பன் நகரத்தில், உலகம் முழுவதும் இருந்து வந்து உட்கார்ந்திருக்கும் ஊட்டச்சத்து விஞ்ஞானிகள் முன்னால், என் வாயால் வாசிக்க வேண்டும். அதற்காகத்தான் எனக்கு விமான டிக்கெட் எடுத்திருந்தார்கள். என் ஆய்வு வழிகாட்டி மோகன்ராஜ் சார் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

"நீ அந்த மலைப்பொண்ணு, பூங்குழலி. நான் சொல்றதை விட நீ சொன்னா எடுபடும்மா" என்றார்.

அடடா, என்ன ஒரு யோசனை! எங்கள் வீட்டுப் பெண்களை முட்டாள் என்று திட்டுவதற்கு எங்கள் வீட்டிலிருந்தே ஆள் எடுத்திருக்கிறார்.

நான் கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் பிறந்தவள். மலையை விட்டு இறங்கி, கீழே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் சீக்கிரம் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் ஆய்வு ஒன்றும் கஷ்டமானதில்லை. ஐந்து வயதுக்குள் மெலிந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுத்தால் தேறுகிறார்களா என்று பார்ப்பது. கீழே இரண்டு ஊர், மலையில் எங்கள் ஊர். ஒவ்வோர் ஊரிலும் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு கூட்டமாகப் பிரித்தோம். நீல அட்டை வந்த பிள்ளைக்குத் தினமும் மாவு உண்டு. மஞ்சள் அட்டை வந்த பிள்ளைக்கு மாவு கிடையாது, எடை, உயரம், ரத்தம் மட்டும் பார்ப்போம். வருஷம் முடிந்து இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டால் மாவு வேலை செய்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இதற்கு வேறு வழி இல்லை என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

எங்கள் ஊர் அங்கன்வாடி வாசலில் சீட்டை எடுத்தது என் கைதான். அண்ணன் மனைவி பெருமாயியின் மகள் மலருக்கு நீல அட்டை வந்தது. தம்பி மனைவி சங்கீதாவின் மகன் பிரேமுக்கு மஞ்சள். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருக்கிறவர்கள். ஒரே அடுப்பு, ஒரே சட்டி. சங்கீதா அந்த மஞ்சள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெருமாயி அண்ணி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் "சரிங்க" என்றாள். என்னைப் போய் 'ங்க' போட்டுச் சொன்னாள். மற்றத் தாய்மார்களும் வரிசையாக "சரிங்க, சரிங்க" என்று கையெழுத்துப் போட்டார்கள்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை மெனக்கெட்டு வந்து கேட்கிறவரிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். அது மரியாதை இல்லை. சரிங்க என்று சொல்லி, மோர் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் தங்களுக்கு எது நியாயமோ அதைச் செய்வார்கள்.

ஆனால் வருஷம் முழுக்க எங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வாராவாரம் காலிப் பாக்கெட்டுகளைத் திருப்பித் தர வேண்டும் என்று விதி வைத்திருந்தோம். கீழ் ஊர்களில் ஒன்றிரண்டு எப்போதும் குறையும். எங்கள் ஊரில் ஒன்றுகூடக் குறையவில்லை. பாக்கெட்டைக் கழுவி, கொடியில் காயப்போட்டு, ரப்பர் பேண்ட் கட்டிக் கொடுத்தார்கள். மோகன்ராஜ் சார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துப் பூரித்துப்போனார். "உங்க ஊர்க்காரங்கதான்மா பெஸ்ட்" என்று மூன்று கூட்டத்தில் சொன்னார்.

கடைசியில் கணக்குப் போட்டால், கீழே இரண்டு ஊரிலும் நீல அட்டைப் பிள்ளைகள் நன்றாகத் தேறியிருந்தார்கள். மஞ்சள் அட்டைப் பிள்ளைகள் அப்படியே இருந்தார்கள். மலையில் மட்டும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. சாருக்கு முகம் செத்துப்போனது.

"மாவைக் கொட்டிட்டாங்களா? மாட்டுக்குக் கரைச்சு வெச்சுட்டாங்களா? போய் விசாரிச்சுட்டு வாம்மா" என்று என்னை அனுப்பினார்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வீட்டுக்குப் போனேன். பெருமாயி அண்ணி வாசலில் சாக்கு விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காப்பி குடிக்கிறாயா என்றாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

"அண்ணி, மாவை என்ன பண்ணினீங்க?"

"என்ன பண்ணுவாங்க? காச்சிக் குடுத்தோம்."

"யாருக்கு?"

"புள்ளைகளுக்குத்தான். பின்ன எனக்கா?"

"எந்தப் புள்ளைகளுக்கு?"

அண்ணி மிளகைத் துழாவுவதை நிறுத்திவிட்டு, இவளுக்கு என்ன ஆச்சு என்பது போல என்னைப் பார்த்தாள். "இதென்ன கேள்வி கண்ணு? எல்லாப் புள்ளைகளுக்குந்தான்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்கவில்லை, நல்ல காரியம் ஒன்றைச் சொல்கிற தெம்போடுதான் சொன்னாள். நீல அட்டை வீட்டுக்காரிகள் எல்லாரும் பாக்கெட்டுகளைக் கோயில் களத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்களாம். திருவிழாவுக்குப் பொங்கல் வைக்கிற அண்டாவில் மொத்தமாகக் கொட்டிக் காய்ச்சுவார்களாம். எல்லாருக்கும் ஊற்றினால் மாவு பாதிதான் காணும் என்று, மஞ்சள் அட்டை வீட்டுக்காரிகள் சாமை மாவு, வெல்லம், பால், மலைவாழைப்பழம் என்று அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பார்களாம். வருஷம் முழுக்க ஒரு நாள் விடாமல் நடந்திருக்கிறது. காலிப் பாக்கெட்டை மட்டும் எங்களுக்குக் கழுவிக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"அறிவிருக்கா அண்ணி? ஒரு வருஷ உழைப்பு! என் படிப்பே போச்சு! அட்டை எதுக்குக் குடுத்தோம்? கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினீங்க?" என்று கத்தினேன். சாக்கோரம் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின. உள்ளேயிருந்து சங்கீதா எட்டிப் பார்த்தாள்.

"கத்தாத. எனக்கும் கத்தத் தெரியும்" என்று அண்ணி எழுந்து நின்றாள். இடுப்பில் கையை வைத்தாள். "கோயில் கெடா வெட்டிக் கூறு போடுறப்ப, எந்த ஊட்டுக்காச்சும் உனக்கு இல்லைன்னு சொல்லியிருக்கமா? மாசமா இருக்குறவ வயித்துப் புள்ளைக்குங்கூட ஒரு கூறு எடுத்து வெக்கிற ஊரு இது. நீ வந்தே, சீட்டுக் குலுக்குனே, மலருக்கு உண்டு, பிரேமுக்கு இல்லைன்னுபோட்டு பஸ் ஏறிட்டே. ஒரே ஊட்டுல ஒரு புள்ள குடிக்க, இன்னொரு புள்ள அது வாயைப் பாத்துக்கிட்டு நிக்கோணுமா? எந்த ஊர் நாயம் இது? அவன் உன்ற தம்பி மவன்!"

"அது ஆராய்ச்சி அண்ணி. அப்படிப் பிரிச்சாத்தான் தெரியும்."

"பண்ணிக்க. வேண்டாம்னு யார் சொன்னா? காலிப் பாக்கெட்டு வேணும்னே, கழுவிக் குடுத்தோம். எடை பாக்கோணும்னே, தூக்கிட்டு வந்தோம். ரத்தம் எடுக்கோணும்னே, அழுக அழுகப் புடிச்சுக் குடுத்தோம். புள்ளைய மட்டும் பிரிக்காத."

அந்த நேரம் பிரேம் பின்னாலிருந்து ஓடிவந்து "அத்தை" என்று காலைக் கட்டிக்கொண்டான். கோபத்தோடுதான் தூக்கினேன். கனத்தான். போன வருஷம் ஒரு கையில் தூக்கி இடுப்பில் வைத்த பிள்ளையை இப்போது இரண்டு கையால் தூக்க வேண்டியிருந்தது.

அவனை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். இத்தனை நாளும் மலையின் நீல அட்டைப் பிள்ளைகளை மலையின் மஞ்சள் அட்டைப் பிள்ளைகளோடு மட்டும்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். இப்போது மலைப்பிள்ளைகளைக் கீழ் ஊர்ப் பிள்ளைகள் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் மஞ்சள் அட்டைப் பிள்ளைகள், கீழே நீல அட்டைப் பிள்ளைகள் எவ்வளவு தேறினார்களோ அவ்வளவு தேறியிருந்தார்கள். எங்கள் நீலமும் அப்படித்தான். தேறாத பிள்ளை என்று ஊரில் ஒன்றுகூட மிச்சமில்லை, அதனால்தான் வித்தியாசம் தெரியவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு, கோபம் இறங்காமலே ஒரு டம்ளர் காப்பியை என் முன்னால் நங்கென்று வைத்தாள்.

கோயில் களத்துக்குப் போய்ச் சிக்னல் கிடைத்ததும் மோகன்ராஜ் சாருக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன். இது எவ்வளவு பெரிய விஷயம், பாருங்கள் சார், எல்லாப் பிள்ளையும் தேறியிருக்கிறது என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப எல்லாம் கலந்துபோச்சா? போச்சும்மா. மலையை எடுத்துருவோம். கீழ ரெண்டு ஊரை மட்டும் காட்டுவோம். அடுத்த மூணு வருஷத் திட்டத்துல மாவு கீழ மட்டும் போகட்டும். உங்க மலை வேண்டாம். அவங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"புரியாமச் செய்யலை சார். புரிஞ்சுதான் செஞ்சாங்க."

"அப்படியெல்லாம் பேப்பர்ல எழுத முடியாது. எழுத்தறிவுக் குறைவுன்னு போட்டாத்தான் சரியா வரும்."

அதாவது, மூன்று வருஷத்துக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாவு கிடையாது. காரணம், அவர்களைப் பெற்றவர்கள் முட்டாள்கள். அப்படித்தான் அந்த மூன்று வரி பிறந்தது. நான் வாசிக்கமாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதையும் சார் இனிமையாகவே சொன்னார். என் ஆய்வேடு அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

நான் "சரிங்க சார்" என்றேன்.

லிஸ்பன் மேடும் பள்ளமுமாக, மலையில் கட்டிய ஊர். தெருவெல்லாம் ஏற்றம். மோகன்ராஜ் சார் நாலு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். எழுபது கொண்டையூசி வளைவுக்கு மேலே பிறந்தவளுக்கு அது ஒரு ஏற்றமா? நான் அவர் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன். என் பையில் பெருமாயி அண்ணி கட்டிக்கொடுத்த சாமை மாவு உருண்டைகள் இருந்தன. "அங்க என்னத்தைத் திங்கப்போறே, வெச்சுக்க" என்று திணித்திருந்தாள்.

மாநாட்டு வாசலில் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். கட்டணம் கட்டி வந்தவர்களுக்கு நீலம். உதவித்தொகையில் வந்தவர்களுக்கு மஞ்சள். நான் இதை இட்டுக்கட்டவில்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் நானே நம்பமாட்டேன். சாருக்கு நீலம், எனக்கு மஞ்சள்.

மத்தியானம் அதன் அர்த்தம் தெரிந்தது. நீல அட்டைக்காரர்களுக்குக் கண்ணாடிக் கூடத்தில் மேசை விரிப்புப் போட்டு விருந்து. மஞ்சள் அட்டைக்காரர்களுக்கு வெளித் தாழ்வாரத்தில் ஆளுக்கு ஒரு ரொட்டியும் ஒரு ஆப்பிளும். உலகத்தின் பசியைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறார்கள் பாவம், மும்முரத்தில் இதைக் கவனித்திருக்கமாட்டார்கள். சார் உள்ளே போகும்போது "சீக்கிரம் சாப்டுட்டு வந்துர்றேம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

என் பக்கத்தில் எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஹிருத் என்கிற பெண் உட்கார்ந்து ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் சாமை உருண்டைப் பொட்டலத்தை அவிழ்த்து நடுவில் வைத்தேன். அவளுக்கு ஒன்று கொடுத்தேன். அந்தப் பக்கம் இருந்தவர்களும் கை நீட்டினார்கள். இது என்ன தானியம் என்று கேட்டாள் ஹிருத். சொன்னேன். தானியத்தைச் சொன்னவள் அண்டாவையும் சொல்லிவிட்டேன்.

ஹிருத் மெல்லுவதை நிறுத்தினாள். "எங்கள் ஊர்த் தாய்மார்களும் இதையேதான் செய்தார்கள். நாங்கள் அதை எங்கேயும் எழுதவில்லை. அந்த ஊரை எடுத்துவிட்டோம்" என்றாள்.

எங்கள் முறை பிற்பகலில் வந்தது. பெரிய அரங்கம். சார் கீழ் ஊர்களைப் பற்றி அழகாகப் பேசினார், படம் காட்டினார், கைதட்டு வாங்கினார். "மலைப்பகுதியைப் பற்றி, அந்த மலையின் மகளே பேசுவாள்" என்று சிரித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பின்னால் திரையில் அந்த மூன்று வரி வந்து நின்றது.

நான் மூன்று வரியையும் வாசித்தேன். ஒரு எழுத்து விடாமல், நிறுத்தி நிதானமாக வாசித்தேன். சார் முன்வரிசையில் தலையாட்டினார்.

"இப்போது நான் வாசித்த மூன்று வரியும் தவறு" என்றேன்.

சாரின் தலையாட்டல் நின்றது.

"அந்தத் தாய்மார்களுக்கு விதிமுறை நன்றாகப் புரிந்தது. புரிந்ததால்தான் அதை ஏற்கவில்லை. ஒரே வீட்டில் ஒரு குழந்தைக்குக் கொடுத்து, இன்னொரு குழந்தையை வேடிக்கை பார்க்க வைக்க அவர்களால் முடியாது. நீங்கள் இங்கே தாழ்வாரத்தில் அதைச் செய்கிறீர்கள், உங்களால் முடிகிறது. அவர்களால் முடியாது. எல்லா மாவையும் ஒரே பாத்திரத்தில் காய்ச்சினார்கள். குறைந்ததைச் சொந்த வீட்டிலிருந்து போட்டு நிரப்பினார்கள். எங்கள் ஊரில் இரண்டு கூட்டமும் தேறியது. அதைத்தான் நாங்கள் 'வித்தியாசம் இல்லை' என்று எழுதி, ஊரையே நீக்கப் பார்க்கிறோம். நீக்கினால் அடுத்த மூன்று வருஷம் அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடையாது. அந்தச் சீட்டை எடுத்தவள் நான். அந்த ஊர்க்காரி நான். நான் சொல்கிறேன், அவர்கள் முட்டாள்கள் இல்லை."

என் இங்கிலீஷ் ஒன்றும் பெரிய இங்கிலீஷ் இல்லை. கோபம் வந்தால் எந்தப் பாஷையும் தன்னால் வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். பல நாடுகளின் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்கிறவர், எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"மிகவும் சுவாரசியம். மாவு எல்லாருக்கும் பகிரப்பட்டது என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதி அளவுதான் போயிருக்கிறது. ஆனாலும் தேறியிருக்கிறார்கள். அப்படியானால் பாதி அளவே போதும். செலவு பாதியாகக் குறையும்" என்றார்.

அவரைச் சுற்றி நாலைந்து பேர் ஆமாம் என்று தலையசைத்து எழுதிக்கொண்டார்கள். அடப்பாவி மனுஷா! உண்மையைச் சொல்ல வந்தால், அதைப் பிடித்துக்கொண்டே என் பிள்ளைகளின் தட்டிலிருந்து பாதியை அள்ளப் பார்க்கிறாரே! நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எங்கள் ஊருக்கு மட்டும்தான் நஷ்டம். இப்போது எல்லா ஊருக்கும் நஷ்டம் வந்துவிடும் போலிருந்தது.

"இல்லை! பாதியைப் போட்டது நீங்கள். மீதியைப் போட்டது அந்தத் தாய்மார்கள். அவர்கள் சாமை, அவர்கள் வெல்லம், அவர்கள் மாட்டுப் பால். நீங்கள் பாதியைக் குறைத்தால் அவர்கள் அடுப்பிலிருந்து இன்னொரு பாதியை எடுக்கச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். அங்கே எடுக்க ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டவர்கள் தயவுசெய்து அடித்துவிடுங்கள்" என்றேன்.

"ஒரு கூட்டத்துக்குக் கொடுக்காமல் எதை நிரூபிக்க முடியும்?" என்றார் அவர். குரலில் எரிச்சல் இருந்தது.

"ஊர் ஊராக முறை வைத்துக் கொடுங்கள். முதலில் ஒரு ஊர், சில மாதம் கழித்து அடுத்த ஊர், கடைசியில் எல்லா ஊருக்கும். ஒப்பிட்டது போலவும் ஆகும், ஒருவரும் விட்டுப்போகவும் மாட்டார்கள். இது நான் கண்டுபிடித்தது இல்லை. உங்கள் புத்தகங்களிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டுக்குள்ளே சீட்டுக் குலுக்காதீர்கள்."

தலைமை வகித்த அம்மையார் நேரம் முடிந்தது என்று மணியை அடித்தார். அப்போது பின்வரிசையில் ஹிருத் எழுந்து நின்றாள். மஞ்சள் அட்டை கழுத்தில் ஆடியது. "எங்கள் ஊரிலும் இதுதான் நடந்தது. நாங்கள் மறைத்துவிட்டோம்" என்றாள். அம்மையார் மணியைக் கீழே வைத்துவிட்டார்.

வெளியே வந்ததும் மோகன்ராஜ் சார் என்னைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார். முகம் சிவந்திருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டே? என் மானத்தை வாங்கிட்டியே! சரிங்க சார்னுதானே சொன்னே?"

"எங்க ஊர்ல அப்படித்தான் சார் சொல்லுவோம்."

"மேல இருந்து கேப்பாங்க. இந்தக் கூத்தை யார் ஆரம்பிச்சது? பேரைச் சொல்லு. ரிப்போர்ட்ல போடணும்."

"எழுதிக்கோங்க சார். பெருமாயி, வாழவந்தி நாடு. கட்டுரை எழுதினவங்க பேர் வரிசையில போடுங்க. என் பேருக்கு முன்னால."

அவர் ஒன்றும் எழுதவில்லை. நீல அட்டையைச் சரிசெய்துகொண்டு இரவு விருந்துக்குப் போய்விட்டார்.

நான் ஊர் திரும்பினேன். என் ஆய்வேடு அவர் மேசையிலேயே கிடந்தது. உதவித்தொகை நின்றுபோனது. மலையிலேயே இருந்துகொண்டு அண்ணனோடு மிளகு பறித்தேன், மரவள்ளி நட்டேன். அழுதேனா என்றால், ஆமாம், இரண்டு தடவை அழுதேன். சொன்னதற்காக அழவில்லை, சொல்ல வேண்டிவந்ததே என்று அழுதேன்.

ஒரு நாள் கோயில் களத்தில் அங்கன்வாடிக்காரர்கள் பிள்ளைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்மார்கள் எல்லாரும் இருந்தார்கள். போன் அடித்தது. மோகன்ராஜ் சார்.

"பூங்குழலி, நல்ல சேதி. பணம் குடுக்கறவங்க மலையையும் சேர்த்துக்கச் சொல்லிட்டாங்க. லிஸ்பன்ல நீ பேசினதைக் கேட்டவங்க அழுத்தம் குடுத்திருக்காங்க. மூணு வருஷம் மாவு வரும்."

"எல்லாப் பிள்ளைக்குமா சார்?"

"அதெப்படிம்மா? அதே முறைதான். குலுக்கல், நீலம், மஞ்சள். அதுல கை வைக்க முடியாது. ஒண்ணே ஒண்ணு, இந்தத் தடவை பகிர மாட்டோம்னு உங்க ஊர்ப் பொம்பளைங்ககிட்ட நீ உறுதி வாங்கிக் குடு. வாங்கிக் குடுத்தா அன்னைக்கே உன் ஆய்வேட்டுல கையெழுத்துப் போடறேன். நீ டாக்டர் பூங்குழலி."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். "சார், அவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. நீங்களே கேளுங்க" என்றேன்.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். அம்மா, தாயே என்று பேசினார். மாவு வேண்டுமென்றால் பகிரக் கூடாது, சம்மதமா என்று கேட்டார். தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சரிங்க என்று சொல்லிவிடுவார்கள், எப்போதும் அதுதானே வழக்கம் என்று எனக்குள் பக்கென்றது. சொல்லிவிட்டால் எனக்குப் பட்டம் கிடைக்கும். ஊருக்கு மாவும் கிடைக்கும், அண்டாவிலும் விழும். யாருக்கும் தெரியாது. கழுவின பாக்கெட்டுகள் கீழே போகும். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

பெருமாயி அண்ணி போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"ஏனுங்க சார், நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா?"

"ஆங்... இருக்கேம்மா. நான் கேட்டதுக்கு..."

"சொல்றேனுங்க. போன தடவை சரிங்கன்னு சொல்லிப்போட்டு, எங்க இஷ்டத்துக்குச் செஞ்சோம். அது தப்புங்க. எங்க பூங்குழலிதான் அதுக்குக் கஷ்டப்பட்டா. அதனால இந்தத் தடவை உங்க மூஞ்சிக்கு நேராவே சொல்லிப்போடறோம். சரிங்கன்னு சொல்லமாட்டோமுங்க."

வந்து கேட்ட ஒருவருக்கு எங்கள் ஊரில் இப்படி ஒரு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்ன அண்ணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க குலுக்கறதைக் குலுக்குங்க. நீலம் குடுங்க, மஞ்சள் குடுங்க, பச்சை குடுங்க, வாங்கிக்கறோம். ஆனா மாவு ஊருக்குள்ள வந்துச்சுன்னா எல்லாப் புள்ளைக்குந்தான். இது தெரிஞ்சு அனுப்பறதுன்னா அனுப்புங்க. அண்டாவைக் கழுவிக் கவுத்து வெச்சிருக்கோம்."

சங்கீதா பிரேமை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அண்ணி பக்கத்தில் போய் நின்றாள். இன்னொருத்தி "ஆமாங்க" என்றாள். அப்புறம் எல்லாரும் சொன்னார்கள்.

"பூங்குழலி, நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டது போன்.

"கேட்டீங்கல்ல சார். அதையே எழுதி மேல அனுப்புங்க. ஒரு வார்த்தை மாத்தாதீங்க" என்றேன்.

பிறகு போன் துண்டானது.

அண்ணி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முந்தானையில் துடைத்து என்னிடம் கொடுத்தாள்.

"சாப்டீங்களான்னு கேட்டேன். அதுக்குப் பதிலே சொல்லலையே அந்த மனுசன்" என்றாள்.